கழுதை மார்க் கேரண்டி

ப்ரூவிட் என்கிற அந்த மனிதர் கையில் உடைந்த ஸ்பானரோடு ஹால்ஸ்டெட் கடையின் கருவிக் கவுண்டர் முன்னால் நிற்க வேண்டும். நின்று, "முடியாது" என்ற பதிலைக் கேட்க வேண்டும். டெல்மர் ஃபிங்க் கடவுளிடம் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மற்றவர்கள் மழைக்கும் சோளத்துக்கும் முழங்கால் வலிக்கும் வேண்டிக்கொண்டபோது டெல்மர் இதை வேண்டிக்கொண்டார், பாதிரியார் காதில் விழும்படியாகவே. பாதிரியார் கண்டிக்கவில்லை. அவர் வீட்டுக் குழாய்க் குறடும் அந்தக் கடையில் வாங்கி உடைந்ததுதான்.

டன்ஹாம் ஊரில் ஹால்ஸ்டெட் கடை என்றால் மூன்று மாடி. தொட்டிலும் அங்கேதான், கல்யாண உடுப்பும் அங்கேதான், கடைசிப் பயணத்துக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்பு கோட்டும் அங்கேதான். ஆனால் இண்டியானா விவசாயி அந்தக் கடைக்குள் நுழைந்தால் கால் தானாகக் கருவிப் பிரிவுக்குத்தான் போகும். பெண்டாட்டி பின்னால் கூப்பிட்டுக்கொண்டே வருவாள், கேட்காது. அங்கே கழுதை மார்க் கருவிகள் இருந்தன. சுத்தியல், குறடு, திருப்புளி, ஸ்பானர் எல்லாவற்றிலும் காதை விறைத்துக்கொண்டு நிற்கும் ஒரு கழுதை முத்திரை. உடைந்தால் கொண்டு வா, புதுசு எடுத்துக்கொண்டு போ. ரசீது வேண்டாம், கேள்வி கிடையாது. உன் ஆயுள் முடிகிறவரை கேரண்டி. உனக்குப் பிறகு யார் கைக்குப் போகிறதோ அவர் ஆயுளுக்கும் கேரண்டி.

இப்படி வாக்குக் கொடுத்த கடை எப்படித் தாக்குப்பிடித்தது என்றால், அந்தக் காலத்துக் கருவி உடையாது. 'எடுத்துக்கொண்டு போ' என்று தாராளமாகச் சொன்னார்கள், எடுத்துக்கொண்டு போகத்தான் ஆள் வரவில்லை. ஷுல்ட்ஸ் பண்ணையில் சூறாவளி புகுந்து களஞ்சியத்தைத் தூக்கிக்கொண்டு போனது. கூரை போனது, சுவர் போனது, சுவரில் அடித்திருந்த ஆணியும் போனது. அந்த ஆணியில் மாட்டியிருந்த கழுதை மார்க் ஸ்பானர் மட்டும் இருந்த இடத்தில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஷுல்ட்ஸ் காலைக் காப்பியைக் குடித்துவிட்டு வந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பிற்பாடு அதை டெல்மருக்கு விற்றார். அந்த ஸ்பானர் டெல்மரின் பின்பாக்கெட்டில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம்.

ப்ரூவிட் கிழக்கே நியூயார்க் பக்கத்துப் பணக்காரர். ஹால்ஸ்டெட் கடைகளை மொத்தமாக வாங்கினார், ஒவ்வொன்றாக மூடினார், அடியில் இருந்த மனையை விற்றார். கழுதை முத்திரையை மட்டும் வைத்துக்கொண்டு, எங்கேயோ வார்த்த மட்டமான இரும்பில் அதைக் குத்தி விற்றார். கேரண்டியையும் திருத்தினார். ரசீது வேண்டும், பெட்டி வேண்டும், விண்ணப்பம் எழுதித் தலைமை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், பதிலும் தபாலில்தான் வரும். கவுண்டருக்கு மேலே கண்ணாடிச் சட்டம் போட்டு இதை மாட்டினார்கள். கீழே அவர் கையெழுத்து, நல்ல பெரிய கையெழுத்து.

டெல்மர் ஏமாந்தது எப்படி என்றால் பழக்கதோஷம். பழைய ராட்செட் ஸ்பானர் கிணற்றில் விழுந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு போய்ப் புதுசு வாங்கினார், அதே கழுதைதானே என்று. பெட்டியைக் கிழித்து அடுப்பில் போட்டார். டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒரு நட்டை இழுத்தார். உள்ளே இருந்த பல்சக்கரம் கடகடவென்று நொறுங்கியது, கைப்பிடி எகிறி வந்து வாயில் அடித்தது. முன்பல் இரண்டும் போயின.

பல் போனால் மற்றவர்களுக்குச் சோளக்கதிர் கடிப்பதுதான் கஷ்டம். டெல்மர் ஊர் பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிறவர். சுதந்திர தின ஊர்வலத்தில் முதல் ஆளாக நடந்து போவார். அவர் வாசித்தால் பக்கத்து மாவட்டத்துப் பசுக்கள் வேலிக்கு வந்து நிற்கும் என்பார்கள். கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறார்கள். எல்லாப் பசுவும் வராது. முன்பல் இல்லாமல் ஊதியபோது அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஊர் பல் டாக்டரிடம் பொய்ப்பல் கட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் கச்சேரிக்குப் போனார். உச்சஸ்தாயியில் பல் கழன்று பறந்து பெரிய முரசுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஜனங்கள் கைதட்டினார்கள். டெல்மர் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

கடையை மூடப் போவதாகச் சொல்வதற்கு ப்ரூவிட் ஊர் மண்டபத்துக்கு வந்திருந்தபோது டெல்மர் அந்த உடைந்த ராட்செட்டோடு எழுந்து நின்றார்.

"ஐயா, இதுல ஆயுள் கேரண்டின்னு போட்டிருக்கு. மாத்திக் குடுங்க, அது போதும். பல்லப் பத்தி நான் பேச வரல."

ப்ரூவிட் சிரித்தார். சிரித்தால் மண்டபத்துக்கு இன்னொரு விளக்குப் போட்ட மாதிரி இருக்கும், அப்படி ஒரு வெள்ளைப் பல்வரிசை.

"பெரியவரே, ஆயுள் கேரண்டின்னா யாரோட ஆயுள்? ஸ்பானரோட ஆயுள்! அது செத்துப்போச்சு, கேரண்டியும் முடிஞ்சுபோச்சு. போய் அடக்கம் பண்ணிடுங்க. பல்லையும் பக்கத்துலயே பொதைச்சிருங்க, துணைக்கு ஆச்சு."

கூட வந்த கோட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. டெல்மர் உட்கார்ந்தார். அன்றிலிருந்துதான் சர்ச்சில் அந்த வேண்டுதல்.

அவர் சும்மா வேண்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. டிராக்டர் ஓட்டும்போதெல்லாம் மனதுக்குள் ப்ரூவிட்டைப் பல விதமாகத் தண்டித்துப் பார்த்தார். பன்றிக் கொட்டகையில் தள்ளினார். உரத்தொட்டியில் முக்கினார். எதுவும் திருப்தியாக இல்லை. கடைசியில் எப்போதும் அந்தக் கவுண்டருக்கே வந்து நின்றார். அங்கேதான் நடக்க வேண்டும்.

ஜூன் மாதக் கடைசியில், கடை மூடுகிற அன்றைக்கு, கடவுள் ப்ரூவிட்டை அனுப்பிவைத்தார்.

கடை வாசலில் ஒரு வெண்கலக் கழுதை உண்டு. நிஜக் கழுதையைவிடப் பெரிது. ஊரில் பிறந்தவர்கள் எல்லாரும் அதன் முதுகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டவர்கள். முதுகு தேய்ந்து பளபளவென்று இருக்கும். அதை ப்ரூவிட் தன் வீட்டுப் புல்வெளிக்கு வேண்டும் என்று நினைத்துவிட்டார். வாடகைக்கு ஒரு டிரெய்லரை எடுத்துத் தன் பெரிய வண்டியில் மாட்டிக்கொண்டு தானே ஓட்டி வந்தார். கிரேன்காரன் கழுதையைக் கழற்றி டிரெய்லரில் ஏற்றிவிட்டுக் கிளம்பிப் போனான். ப்ரூவிட் வண்டியை எடுத்தார். டிரெய்லர் நான்கு அடி நகர்ந்தது. டமார் என்று ஒரு சத்தம்.

டயர் வெடித்துப்போயிருந்தது. ஸ்டெப்னி டயர் இருந்தது, ஜாக்கி இருந்தது. வண்டியோடு வந்த ஸ்பானர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்தவில்லை.

எதிரே நீதிமன்றப் புல்வெளி பெஞ்சில் டெல்மர் உட்கார்ந்திருந்தார். பின்பாக்கெட்டில் ஷுல்ட்ஸின் ஸ்பானர் உறுத்தியது. கொஞ்சம் நகர்ந்து சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார்.

வழியில் நிற்கிறவனைக் கைவிடுவது என்பது அந்த ஊரில் கிடையாது. பனியில் சிக்கிய வண்டியை இழுக்கத் தன் மகள் கல்யாணத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போன தகப்பன் உண்டு. மாப்பிள்ளையும் கூடப் போனான். ஆகையால் ப்ரூவிட் உதவி கேட்டு முடிப்பதற்குள் ஊரே வந்து சூழ்ந்துகொண்டது. ஒருவர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒருவர் குடை பிடித்தார். சாப்பாட்டுக் கடையிலிருந்து தட்டைவிட அகலமாகப் பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச்சும் சர்க்கரை போட்ட ஐஸ் டீயும் வந்தன. கேட்டது மட்டும் வரவில்லை.

"ஸ்பானர் இருக்கா, ஒரு ஸ்பானர்?" என்றார் ப்ரூவிட்.

"அடடா, இருந்துச்சுங்களே!" என்றார் மெக்கானிக் ஹாப். அந்த மாவட்டத்துக்கே பழுது வண்டி இழுக்கிறவர் அவர்தான். இடுப்பில் ஏழெட்டு ஸ்பானர் மணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

"அதோ, உங்க இடுப்புல இருக்கே!"

"இதுங்களா? இது இப்ப வேலையில இருக்குங்க."

"என்ன வேலை?"

"பெல்ட்டு காத்துல பறக்காம புடிச்சிக்கிட்டு இருக்கு. கொஞ்சம் கேக் சாப்புடுங்க சார். எங்க வீட்டுக்காரி செஞ்சது."

ப்ரூவிட் கேக்கைச் சாப்பிட்டார். வேறு வழியில்லை. அந்த ஊரில் கேக்கை மறுத்தால் மறுபடியும் கொண்டுவருவார்கள்.

"அட, என் கடையிலயே இருக்குமே!" என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பெஞ்சில் டெல்மர் நிமிர்ந்தார்.

கடைக்குள் அலமாரிகள் பாதி காலி. கருவிக் கவுண்டரில் லொரீன் நின்றாள். இருபது வயதில் அங்கே வந்து நின்றவள், அன்றோடு வேலை முடிகிறது. ப்ரூவிட் ஒரு புது ராட்செட் ஸ்பானரை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். காசு கொடுக்கவில்லை. சொந்தக் கடையில் எவன் காசு கொடுப்பான்?

முதல் நட்டிலேயே அது நொறுங்கியது.

ப்ரூவிட் உடைந்த ஸ்பானரோடு உள்ளே போனார். டெல்மர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சர்ச்சுக்குள் நுழைகிற மாதிரி மெதுவாகப் பின்னால் போனார். அவருக்குப் பின்னால் ஊர் போனது.

"இது உடைஞ்சுபோச்சு. வேற குடும்மா" என்றார் ப்ரூவிட்.

"அச்சச்சோ, ரொம்ப வருத்தமா இருக்குங்க சார்" என்றாள் லொரீன். "ரசீது குடுங்க."

"ரசீதா? இது என் கடைம்மா!"

"ஆமாங்க சார். அழகான கடை. ரசீது?"

"நான் வாங்கல, சும்மா எடுத்துட்டுப் போனேன்."

லொரீன் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "சார், அப்படில்லாம் வெளிய சொல்லாதீங்க. வாசல்ல ஷெரிஃப் நிக்கறாரு." ஷெரிஃப் நிஜமாகவே நின்றார். கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீ என்னை யாருன்னு நினைச்ச?"

லொரீன் தலைக்கு மேலே இருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினாள். "அதோ அங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே, அவருன்னுதான் நினைச்சேன். யாருக்கும் விலக்கு கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. என்னால முடியாதுங்க சார்."

முடியாது. டெல்மர் அந்த வார்த்தையை வாயில் போட்டு மெதுவாகச் சப்பினார். நடுவே பல் இல்லாத இடைவெளியில் நாக்கு ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. ஆனால் அதிசயம் பாருங்கள், அவருக்கு வயிறு நிறையவில்லை. ஒரு வாய் தின்றதும் பசி கூடிவிட்டது.

"சார்," என்று அவரே முன்னால் வந்தார். "காசு குடுத்து ஒண்ணு வாங்கிடுங்க. ரசீதப் பத்திரமா வெச்சிக்கிடுங்க. அதான் புத்திசாலித்தனம்."

ப்ரூவிட்டுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "நல்ல யோசனை, பெரியவரே" என்றார். அடையாளம் தெரியவில்லை என்பது பல் போனதைவிட டெல்மருக்கு வலித்தது.

காசு கொடுத்து வாங்கினார். ரசீதைச் சட்டைப்பையில் வைத்துப் பொத்தான் போட்டார். வெளியே போய் இழுத்தார். நொறுங்கியது. திரும்ப வந்து ரசீதை நீட்டினார்.

"ரொம்ப சரியா இருக்குங்க சார்" என்று லொரீன் பாராட்டினாள். "பெட்டியும் இருக்கு, பேஷ். இப்ப விண்ணப்பம் எழுதுங்க, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி வைக்கிறேன்."

"தலைமை அலுவலகமே நான்தான்! நான் இங்க நிக்கறேன்! ஒப்புதல் குடுத்துட்டேன், போதுமா?"

"வாயால குடுத்தா செல்லாதுங்க. தபால்ல வரணும். நீங்க ஊருக்குப் போய் அனுப்புங்க, வந்ததும் நான் உங்களுக்குச் சொல்லி அனுப்புறேன்."

"ஊருக்குப் போகத்தானேம்மா ஸ்பானர் கேக்கறேன்!"

"அதான் சார் எனக்கும் கவலையா இருக்கு" என்றாள் லொரீன். "இன்னியோட கடையும் மூடுது. தபால் வந்தா வாங்க ஆள் இருக்காது. எதுக்கும் இன்னொண்ணு வாங்கிட்டுப் போயிருங்களேன்?"

ப்ரூவிட் மூன்றாவது ஸ்பானரை வாங்கியபோது அவர் முகம் கடை வாசலில் தொங்கிய 'எல்லாம் விற்றுத் தீர வேண்டும்' என்ற தள்ளுபடிப் பலகையைவிடச் சிவப்பாக இருந்தது. கோட்டைக் கழற்றி எறிந்தார். தரையில் உட்கார்ந்து, ஒரு காலைச் சக்கரத்தில் முட்டுக்கொடுத்து, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சுப் பக்கமாக இழுத்தார்.

டெல்மர் பக்கத்திலேயே நின்றார். அப்படி இழுக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். அப்படித்தான் அவரும் இழுத்தார். சொல்ல வாயைத் திறந்தார் என்றும், காற்று வந்து பல் இடைவெளியில் கூசியதால் மூடிக்கொண்டார் என்றும் பிற்பாடு சொன்னார். ஊர்க்காரர்கள், வாயைத் திறக்கவே இல்லை என்கிறார்கள்.

கடகட. பிறகு டப்.

ப்ரூவிட் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். ரத்தம் இல்லை. ஆனால் கையை எடுத்தபோது அந்த விளக்கு அணைந்திருந்தது. முன்னால் இருந்த இரண்டு பல் காணோம். இரண்டும் கட்டின பல் என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

"எம் பழ்ழு! எம் பழ்ழு!"

"என்ன சொல்றாரு?" என்று ஹாப் கேட்டார்.

"பல்லக் காணோமாம்" என்று டெல்மர் மொழிபெயர்த்தார். அந்தப் பாஷை அவருக்குப் பழக்கம்.

டன்ஹாம் ஊர் மாதிரி தேடுகிற ஊர் கிடையாது. ஆண்களும் பெண்களும் மண்டி போட்டார்கள். ஷெரிஃப் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தவழ்ந்தார். பாதிரியார் சாக்கடைக் கம்பிக்குள் டார்ச் அடித்தார். புல்லை விரலால் சீவிப் பார்த்தார்கள். மண்டி போடாதவர் டெல்மர் ஒருவர்தான். நின்ற இடத்தில் நின்றார். வலது பூட்ஸை அசைக்கவே இல்லை.

"நீங்களும் கொஞ்சம் தேழுங்க பெரியவழே" என்று ப்ரூவிட் கெஞ்சினார்.

"முழங்கால் மடங்காதுங்க சார்" என்றார் டெல்மர். பிறகு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, முதல்முறையாகத் தன் வாயைத் திறந்து சிரித்துக் காட்டினார். அந்த இடைவெளியை ப்ரூவிட் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஊர் மண்டபமும் ராட்செட்டும் அடக்கமும் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்தன.

"நீயா!" என்றார்.

"நான்தாங்க" என்றார் டெல்மர். அப்போதுதான் அவருக்கு வயிறு நிறைந்தது.

பின்பாக்கெட்டிலிருந்து ஷுல்ட்ஸின் ஸ்பானரை எடுத்தார். "டயர் மாத்திக் குடுக்கறோம் சார். ஆனா பாரம் ஜாஸ்தியா இருக்கு, ஜாக்கி தாங்காது. மொதல்ல கழுதைய எறக்கிக்கணும். ஏம்ப்பா, ஒரு கை குடுங்க."

ஒரு கை என்றார், ஊரே கை கொடுத்தது. கிரேன்காரன் அரை நாள் திணறி ஏற்றியதை, பூனைக்குட்டியைத் தூக்குகிற மாதிரித் தூக்கினார்கள். தரையில் வைத்தால் புல் நசுங்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, கொண்டுபோய்ப் பழைய பீடத்திலேயே வைத்தார்கள். காற்றில் சாய்ந்துவிடக் கூடாது அல்லவா, ஹாப் இடுப்பு ஸ்பானர்களை எடுத்து நான்கு கால் நட்டையும் முடுக்கினார். அந்தப் பழைய ஸ்பானர் முடுக்கியதை இன்னொரு பழைய ஸ்பானர்தான் கழற்ற முடியும். அதெல்லாம் இப்போது வேலையில் இருக்கிறது.

டெல்மர் பூட்ஸை நகர்த்தாமல், எட்டின மட்டும் வளைந்து, டிரெய்லரின் நட்டு ஒவ்வொன்றையும் ஒரே சுற்றில் கழற்றினார். முழங்கால் மடங்காது என்று சொன்னது சொன்னதுதான். ஹாப் டயரை மாட்டினார். லொரீன் வழிக்கு ஆகும் என்று மிச்சக் கேக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். ப்ரூவிட் காலி டிரெய்லரோடு கிளம்பினார். ஊர் முழுக்கக் கையசைத்தது. மரியாதை தெரிந்த ஊர்.

பிறகு டெல்மர் பூட்ஸை எடுத்தார்.

அடியில் அந்தப் பல் இரண்டும் கிடந்தன. நியூயார்க் வேலை. உள்பக்கம் பொடி எழுத்தில் பல் டாக்டரின் பெயரும் விலாசமும் குத்தியிருந்தது, கழுதை முத்திரை மாதிரி. ஊர் டாக்டர் வெந்நீரில் கொதிக்க வைத்து, அரத்தால் ரெண்டு தேய் தேய்த்து, டெல்மர் வாயில் மாட்டினார். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. சுதந்திர தின ஊர்வலத்தில் டெல்மர் முதல் ஆளாக நடந்தார். உச்சஸ்தாயிக்குப் போனார், பல் அசையவில்லை. பக்கத்து மாவட்டத்துப் பசுக்கள் வேலிக்கு வந்தன. இந்தத் தடவை எல்லாமே வந்தன.

ஒரு சின்னக் குறை உண்டு. எந்தப் பாட்டை வாசித்தாலும் கடைசியில் ட்ரம்பெட் ஒரு கணம் நின்று, மூக்கால் பேசுகிற கிழக்குப் பக்கத்துக் குரலில் என்னவோ முனகும். ரசீது கேட்கிறது என்று ஹாப் சொல்கிறார். டெல்மருக்கு அப்படித் தோன்றவில்லை, கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது என்கிறார். அதற்காகவே ஒரு பாட்டுக் கூடுதலாக வாசிக்கிறார்.

அடுத்த வருஷம் வேர்க்கடலை மிட்டாயைக் கடித்தபோது அந்தப் பல்லில் ஒன்று விண்டுபோனது. டெல்மர் யோசித்துப் பார்த்தார். ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து, உடைந்த பல்லை அதில் வைத்து, உள்ளே குத்தியிருந்த விலாசத்துக்கு அனுப்பினார். மேலே தன் விலாசத்தை எழுதினார், கூட வேறு ஒன்றும் எழுதவில்லை. யாருடைய பல், எப்படி உடைந்தது, எதுவும் எழுதவில்லை.

அந்த வாரமே பெட்டி திரும்பி வந்தது. உள்ளே பளபளவென்று இரண்டு புதுப் பல். அந்த டாக்டர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.